ரேம் குறைவான கணினிக்கு எந்தப் ப்ளக்-இன்?

வணக்கம். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில், இசை மென்பொருளுக்குள் இயங்கும் ப்ளக்-இன் கருவிகளான பியானோவும் வயலின் குழுவும் சேர்ந்தால் ஒலி வெட்டி வெட்டி வருகிறது என்று எழுதி, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா தொகுப்பு ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள். சாம்பிள் வகைக் கருவிகள் பொதுவாகப் பதிவுசெய்த ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தையும் ரேமில் ஏற்றிவைத்து மீதியை வட்டிலிருந்து வாசிப்பதால், தொகுப்பு பெரிதானால் உங்கள் சிக்கலும் பெரிதாகும்.

முதலில் மென்பொருளின் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் கணக்கிட்டு அனுப்பும் ஒலித் துண்டின் நீளத்தை, 128இலிருந்து 512 ஆக்கிப் பாருங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 12 மில்லிவினாடித் தாமதம்தான், கலவை வேலைக்கு அது தடையாகாது. வாசித்து முடித்த வயலின் டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது தற்காலிக ஒலிக்கோப்பாக மாற்றிவிடுங்கள்.

பியானோவுக்குப் பியானோடெக் என்னும் ப்ளக்-இன்னின் சோதனைப் பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். பதிவுகளை நம்பாமல் கம்பியின் அதிர்வைக் கணக்கிட்டே ஒலியை உருவாக்குவதால் அது ரேமை மிகக் குறைவாகவே எடுக்கும்; சுமை செயலியின் மீது விழும். அதன் தொடுவுணர்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பின்னாளில் வயலின் தொகுப்பு வாங்கும்போது, அதற்குக் கான்டாக்ட் என்னும் சாம்பிள் வாசிப்பு மென்பொருளின் முழுப் பதிப்பு தேவையா என்று அவசியம் பாருங்கள். தேவையென்றால், கான்டாக்டின் இலவசப் ப்ளேயரில் அந்தத் தொகுப்பு 15 நிமிடங்களில் நின்றுவிடும்.