10 லிட்டர் மீன் தொட்டியின் அடியில் எதை விடலாம்? விட்ட இரண்டு கோரிடோரஸும் ஒரே வாரத்தில் செத்துவிட்டன.

10 லிட்டருக்குக் கோரிடோரஸ் (சுருக்கமாகக் கோரி, அடியில் மேயும் குட்டிக் கெளுத்தி மீன்) வேண்டாம்; செர்ரி இறால் ஐந்தாறு விடுங்கள், போதும்.

நீங்கள் விட்ட இரண்டு கோரியும் ஒரே வாரத்தில் செத்ததற்குப் பெரும்பாலும் கழிவும் தீனியும் அழுகி உண்டாகும் அம்மோனியா என்ற நச்சுதான் காரணமாக இருக்கும். தண்ணீர் கொஞ்சம், அடியில் மிஞ்சிய தீனி, சட்டென ஏறிவிடும். அதோடு கோரி கூட்டமாக வாழும் மீன். குறைந்தது ஆறு இருந்தால்தான் பயமில்லாமல் மணலைக் கிளறும். அதற்கு இந்தத் தொட்டியில் தரை ஏது?

இறால் விடும் முன் தண்ணீரை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் இன்னொரு நச்சான நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். இல்லையா, பொறுங்கள். அப்புறம் பாசி படிந்த இலையை இறால் குட்டிக் கால்களால் சுரண்டிச் சுரண்டி வாயில் போடுவதைப் பார்த்தாலே பொழுது போய்விடும்.

தொட்டியில் பெட்டா (சண்டை மீன்) இருந்தால் இறால் குஞ்சு தப்புவது கஷ்டம். அங்கே நெரைட் நத்தை ஒன்று போதும். செம்பு கலந்த மீன் மருந்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள், இறால், நத்தை இரண்டுக்குமே எமன்.