பட்டினி கிடந்தது ஈஸ்ட்!

கேள்வி: விரதம் இருந்தால் புற்றுநோய் வராது என்று நிரூபித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசு கிடைத்ததாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏகாதசிக்கு ஏகாதசி வருகிறது. உண்மையா சார்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நோபல் உண்மை. 2016-ல் மருத்துவத்துக்கு, யோஷினோரி ஓசுமி என்கிற செல் உயிரியலாளருக்கு, அதுவும் யாரோடும் பங்கு போடாமல். மற்றது கதை. அவர் பட்டினி போட்டது மனிதர்களை இல்லை, ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டை.

செல் தன்னிடம் இருக்கும் பழைய புரதங்களை ஒரு சவ்வுப் பைக்குள் கட்டி, செரிக்கும் அறைக்கு அனுப்பி, உடைத்து, மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். இதற்கு 1963-லேயே பெல்ஜியத்துக்காரர் கிறிஸ்டியன் டி டூவ் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்துவிட்டார். எந்த ஜீன்கள் இதை நடத்துகின்றன என்பதுதான் ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஈஸ்ட்டில் அந்த அறைக்கு வாக்குவோல் என்று பெயர், சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும் அளவுக்குப் பெரியது, ஆனால் உள்ளே போன பை உடனே கரைந்துவிடுவதால் பார்க்க எதுவும் மிஞ்சாது. ஓசுமி என்ன செய்தார் என்றால், செரிக்கும் என்சைம்கள் இல்லாத ஈஸ்ட்டாகப் பார்த்து எடுத்து, நைட்ரஜன் சத்து கொடுக்காமல் காயப்போட்டார். சில மணி நேரத்தில் வாக்குவோல் முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள், நிற்காமல் துள்ளிக்கொண்டு! வடிகாலை அடைத்தால்தானே தெருவில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று தெரியும். அப்புறம் ஜீன் கெட்டுப்போய் இந்த வேலையைச் செய்ய முடியாத ஈஸ்ட்டுகளைத் தேடிப் பிடித்து, 1993-ல் அவரும் அவர் மாணவியும் 15 ஜீன்களை அடையாளம் காட்டினார்கள். பரிசு அதற்கு.

புற்றுநோய் விஷயம் இன்னும் சிக்கல். வளர்ந்துவிட்ட கட்டியில் இதே ஆட்டோஃபேஜி புற்றுசெல்லுக்கே சோறு போடுவதும் உண்டு. விரதம் இருங்கள், பெருமாளுக்காக. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

கேள்வி: பிஎச்.டி. முடித்துவிட்டு அலைகிறேன். நாற்பதுக்குள் சொந்த லேப் அமையாவிட்டால் அவ்வளவுதான் என்கிறார்களே?
- வாசகர், மதுரை

பதில்: மேலே சொன்ன ஓசுமிக்குச் சொந்த லேப் கிடைத்தது 43 வயதில், 1988-ல், டோக்கியோ பல்கலைக்கழகத்தில். அதற்கு முன்னால் நியூயார்க்கில், ஏற்கெனவே நோபல் வாங்கியிருந்த ஜெரால்ட் எடல்மேனிடம் சேர்ந்து எலியின் கருமுட்டையோடு மல்லுக்கட்டி, சரிப்படாமல் ஈஸ்ட்டுக்கு மாறினார். வாக்குவோல் என்றால் செல்லின் குப்பைத்தொட்டி என்று பலரும் ஒதுக்கிய காலம் அது. தனக்குப் போட்டி போட வராது, அதனால் கூட்டம் இல்லாத இடமாகத் தேடுவேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இதை ஆறுதலுக்காக மட்டும் சொன்னால் ஏமாற்றுவதாகிவிடும் தம்பி. 1977-ல் ஊர் திரும்பியதிலிருந்து லேப் கிடைக்கும்வரை அவருக்குப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வருகிற வேலை இருந்தது. உங்களுக்கு முதலில் அது வேண்டும்.

கேள்வி: நோபல் பணத்தை என்ன செய்தார்?
- வாசகர், சேலம்

பதில்: 2017-ல் அடிப்படை ஆராய்ச்சிக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கி, அதில் போட்டார்.