கழட்டுன படத்தைத் திருப்பி மாட்டுங்க

கேள்வி: எங்க ஸ்கூல் வராண்டால, போர்ல காட்டுன வீரத்துக்குக் குடுக்கற உச்ச விருதான பரமவீர சக்ரா வாங்கினவங்க 21 பேர் படத்தையும் வரிசையா மாட்டுனாங்க. அதுல மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் படத்தை மட்டும் ரெண்டே நாள்ல கழட்டிட்டாங்க. "இலங்கைல தமிழனைச் சுடப் போனவருக்கு நம்மூர்ல எதுக்குங்க படம்"னு பேரண்ட்ஸ் சில பேர் கேட்டாங்களாம். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. நீங்க என்ன சொல்றீங்க?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தப்புங்க. கழட்டுனதும் தப்பு, அது சரின்னு உங்களுக்குப் பட்டதும் தப்பு.

உங்க கோவம் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாம இல்ல. எண்பதுகள்ல நம்ம மேட்டூர் பக்கம் கொளத்தூர்லதான் விடுதலைப் புலிப் பசங்களுக்கு ட்ரெய்னிங் நடந்துச்சு, நம்ம சனம் அவங்களை வீட்டுப் பிள்ளையாட்ட பார்த்துச்சு, அப்பறம் டெல்லி 1987 ஜூலை 29ந்தேதி இலங்கையோட ஒப்பந்தம் போட்டு அமைதிப்படைன்னு பேர் வெச்சு ஆர்மிய அனுப்பி, அக்டோபர் மாசமே அந்தப் பசங்க கூடவே சண்டைன்னு ஆனா யாருக்குத்தான் வயிறு எரியாது. அந்த அக்டோபர்ல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள அமைதிப்படைக்காரங்க டாக்டர், நர்ஸ், நோயாளின்னு பார்க்காம சுட்டாங்களே, அதை மறைச்சு வெச்சுட்டுப் பேசுங்கன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா இத்தனை கணக்கையும் கொண்டுபோய் ஒரே ஒரு மேஜர் தலைல எழுதறது எந்த ஊர் நியாயம்ங்க? ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது அவரா?

அவர் யாருன்னு அந்தப் பேரண்ட்ஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும். 1946 செப்டம்பர் 13ல பம்பாயில பொறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன், அங்கயே படிச்சு, 1971ல மெட்ராஸ் பரங்கிமலைல ஆபீசர் ட்ரெய்னிங் சேர்ந்து, அடுத்த வருசம் மகார் ரெஜிமென்ட்ல கமிஷன் ஆனவர். 15 வருச சர்வீஸ். 1987 நவம்பர் 25, யாழ்ப்பாணத்துல கந்தரோடைப் பக்கம் ஒரு தேடுதல் வேட்டைய முடிச்சுட்டு ராத்திரில ஆளுங்களைக் கூட்டிட்டுத் திரும்பி வரும்போது புலிங்க மறைஞ்சிருந்து சுட ஆரம்பிச்சுட்டாங்க. படுத்துக்கிட்டு திருப்பிச் சுட்டுட்டு இருந்திருக்கலாம், அவர் சுத்திப் பின்பக்கமாப் போய் நேராப் பாஞ்சாரு. கைகலப்பு ஆகி நெஞ்சுல குண்டு பாஞ்சிடுச்சு. பாஞ்ச பிற்பாடும் சுட்டவன் கைல இருந்த துப்பாக்கியப் பிடுங்கி அவனைச் சுட்டுட்டு, உயிர் போற வரைக்கும் தன் பசங்களுக்கு ஆர்டர் குடுத்துட்டே இருந்தாருன்னு விருதுக் குறிப்புல இருக்கு. வயசு 41.

அமைதிப்படைல போய் ஆயிரத்துக்கும் மேல நம்ம சிப்பாய்ங்க செத்தாங்க, பரமவீர சக்ரா வந்தது இவர் ஒருத்தருக்கு மட்டுந்தான். அவர் ட்ரெய்னிங் எடுத்த அதே பரங்கிமலைல இன்னைக்கு கேடட்டுகளுக்கு பாசிங் அவுட் பரேடு நடக்கற மைதானத்துக்குப் பேரே பரமேஸ்வரன் டிரில் ஸ்கொயர். 2023ல அந்தமான்ல ஒரு தீவுக்கும் அவர் பேர் வெச்சாங்க. உங்க ஸ்கூல் வராண்டால ஒரு ஆணிக்கு இடமில்லாமப் போச்சு.

எங்க தெருவுல ஒருத்தர் இருந்தாருங்க, மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்தவரு, யாழ்ப்பாணம் போய்ட்டு வந்தவரு. பேக்கரில டீ குடிக்கும்போது யாராச்சும் "எங்கெல்லாம் டூட்டி பார்த்தீங்க"ன்னு கேட்டா "வடக்கே"ம்பாரு, அவ்வளவுதான், இலங்கைன்னு அவர் வாயில இருந்து ஒரு நாளும் வந்ததில்ல. 1990 மார்ச்சுல கடைசியா திரும்புன படை மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினப்ப வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகல, அது தன் நிலைப்பாடுன்னு வெளிப்படையாவே சொன்னாரு, அரசியலா அதுக்கு அவர்கிட்ட காரணம் இருந்துச்சு. ஆனா கீழ ஊர்ல அது என்னாச்சுன்னா, திரும்பி வந்தவன் தான் எங்க போய்ட்டு வந்தேன்னு சொல்லவே கூச்சப்பட்டான், செத்தவன் வீட்ல அழுததுகூட பக்கத்து வீட்டுக்குக் கேக்காம அழுதாங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறாத விசயம் இதுதான், அந்த மனுசன் சாகற வரைக்கும் நான் ஒரு தடவைகூட பக்கத்துல உக்காந்து கேக்கலையேன்னு.

தருமபுரிப் பக்கம் போனா காட்டுலயும் ஏரிக்கரைலயும் நடுகல் நிக்குதுங்க, ஆயிரம் வருசத்துக்கும் மேல ஆனதெல்லாம் இருக்கு. பேர் வெட்டி, எந்த ராசா காலம், யாரோட ஆளு, எந்தச் சண்டைல பட்டான்னு வெட்டி வெச்சிருப்பாங்க. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல்லு, மாட்டைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல்லு. அவனை அனுப்புன தலைவன் செஞ்சது சரியா தப்பான்னு தீர்ப்பு எழுதிட்டு அப்பறம் கல்லு நடலாம்னு நம்ம முன்னோர் காத்துட்டு இருக்கல.

அதனால நாளைக்கே எச்.எம்மைப் பாருங்க. படத்தைத் திருப்பி மாட்டச் சொல்லுங்க, கீழ ஒரு அட்டைல அவர் பொறந்த தேதி, இறந்த தேதி, இறந்த இடம் கந்தரோடைன்னு தமிழ்ல எழுதி ஒட்டுங்க, யாழ்ப்பாணம்ங்கற பேரை முழுங்க வேண்டாம். பசங்க "அங்க ஏன் சார் போனாங்க"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும், அந்த ஒப்பந்தம், கொளத்தூர், அந்த ஆஸ்பத்திரி எல்லாத்தையும் சேர்த்தே சொல்லிக் குடுங்க, எட்டாவது படிக்கற பிள்ளைக்கு அது புரியும். மறுபடியும் யாராச்சும் சத்தம் போட்டா இந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் காட்டுங்க, அதுக்கும் ஒத்துக்கலைன்னா எனக்கு ஒரு கார்டு போடுங்க, நானே பஸ் ஏறி வந்து பேசறேன், கோபி எனக்கு ஒண்ணும் தூரமில்லீங்க.