பேஸ் ட்ரம்மில் என்ன இருக்கு? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் மல்லாவிப் பக்கம் இருக்கிறோம். மகள் தரம் 8 படிக்கிறாள். இந்த வருசம் பாடசாலைப் பாண்டில் சேரப் பெயர் கொடுத்திருக்கிறாள். அவளுக்குச் சைட் ட்ரம் அடிக்கத்தான் ஆசை. அவளின் கூட்டாளிப் பிள்ளைகள் எல்லாரும் அதற்குத்தான் போகிறார்கள். ஆனால் பாண்ட் பழக்குகிற சேர், "நீ உயரமான பிள்ளை, பேஸ் ட்ரம்முக்கு வா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முகம் சரியில்லை. "அது சும்மா டொம் டொம் எண்டு அடிக்கிறதுதானே அம்மா, அதில என்ன இருக்கு" என்கிறாள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பொம்பிளைப் பிள்ளை அவ்வளவு பெரிய ட்ரம்மைத் தூக்கி நடந்தால் தோளும் முதுகும் என்னாகும் என்று பயமாகவும் இருக்கிறது. பேசாமல் சிம்பல்ஸ் எடுக்கச் சொல்லலாமா? இவருக்கு இதனால் படிப்புக் கெடும் என்ற யோசனை. நீங்கள் பாண்டில் இருந்தவர், பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர். ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு தாய்

*

அன்புள்ள தங்கச்சி,

"அதில என்ன இருக்கு" என்று மகள் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் தன்பாட்டில் தெளியும்.

இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அணிநடை போகிறதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பிள்ளைகளின் இடது காலும் ஒன்றாக நிலத்தில் விழுவது பேஸ் ட்ரம்மின் பலத்த அடியில். சைட் ட்ரம்காரர் ஒருவர் இரண்டு அடி தவறவிட்டால் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். பேஸ் ட்ரம் அரை அடி பிசகினால் மைதானம் முழுவதும் கால் மாறும். இசையை நிறுத்துகிற பொறுப்பும் அதற்கு உண்டு. எங்கள் பாடசாலைப் பாண்டுகள் பிரித்தானிய இராணுவ பாண்டுகளின் வழியில் வந்தவை. அந்த மரபில் பாண்ட் லீடர் மேஸ் என்கிற நீளத் தடியைத் தூக்கிச் சைகை காட்டியதும், வழக்கமான அடிகளுக்கு நடுவே பேஸ் ட்ரம் ஓர் இரட்டை அடி போடும். மெலோடிக்கா வாசிக்கிற பிள்ளைக்கு லீடரின் முதுகுகூடத் தெரியாமல் இருக்கலாம், அந்த இரட்டை அடி கட்டாயம் கேட்கும். அதோடு எல்லாரும் நிற்பாட்டுவார்கள். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆடுகிறவர்கள்மேல்தான் எல்லாருடைய கண்ணும் இருக்கும், ஆட்டத்தை நடத்துவது மத்தளத்தோடு நிற்கிற அண்ணாவியார்.

இன்னொரு விசயம் இருக்கிறது. பழக்குகிறவர்களே சிலவேளை இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. எங்கள் வெயிலில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 120 காலடி என்ற வேகத்தில் நடந்தால் ஒரு காலடிக்கு அரைச் செக்கன். மைதானத்தின் அந்தப் பக்கத்தில், பாண்டிலிருந்து 85 மீற்றர் தள்ளி, கடைசி இல்லத்துப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று வையுங்கள். அவர்களின் காதில் அடி விழக் கால் செக்கன் பிந்தும். அதாவது ஒரு காலடியில் பாதி. பாண்ட் காலை ஊன்றுகிற நேரத்தில் அவர்களின் கால் இன்னும் அந்தரத்தில் இருக்கும். கடைசி இல்லம் கால் பிசகுது என்று ஒலிவாங்கியில் திட்டு வாங்குகிற பிள்ளைகள் பல நேரம் காதில் விழுந்தபடி சரியாகத்தான் நடக்கிறார்கள்.

தூரத்தில் கால் இப்படிப் பிந்துவதைப் பார்த்தவுடன் பேஸ் ட்ரம் அடிக்கிற பிள்ளைக்குக் கை தடுமாறும். அவர்களுக்காகக் கொஞ்சம் மெதுவாக்குவோமா என்று மனம் இழுக்கும். இந்தப் பக்கம் பார்வையாளர்கள் கைதட்டத் தொடங்கினால் வேகம் கூட்டச் சொல்லி இழுக்கும். இரண்டுக்கும் அசையாமல், லீடரின் மேஸையும் தன் காலையும் மட்டும் நம்பி அடிக்க வேண்டும். இதற்குப் பெரிய கைவித்தை தேவையில்லை, நிதானம்தான் வேண்டும். பதின்மூன்று வயதில் அந்த நிதானம் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்காது. இருக்கிற பிள்ளை கிடைத்தால் பாண்டுக்கு அது பெரிய கொடுப்பினை.

ஆகவே, சேர் பேஸ் ட்ரம்முக்குக் கூப்பிட்டது மகளுக்குக் குறைவான இடம் கொடுத்ததாக ஆகாது. ஆனால் அவர் சொன்ன காரணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. உயரம் ஒரு வசதி, அவ்வளவுதான். ட்ரம்முக்கு மேலால் பாதை தெரியும், நடக்கும்போது முழங்கால் இடிபடாது. நெட்டையான பிள்ளை எல்லாம் பேஸ் ட்ரம், கட்டையான பிள்ளை எல்லாம் சிம்பல்ஸ் என்று பிரிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறது. வரிசை வடிவாக இருக்கும், தாளம் சரியாக இருக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை.

உயரத்தை விட்டுவிட்டு இதைச் செய்து பாருங்கள். கைத்தொலைபேசியில் மெட்ரோனோம் ஒன்றை, அதாவது ஒரே வேகத்தில் டிக் டிக் என்று அடிக்கிற செயலியை, இறக்கி 120இல் வையுங்கள். மகள் அந்தச் சத்தத்துக்கு நடந்துகொண்டு இடது காலுக்கு ஒரு கைதட்டு தட்டட்டும். கால் பிடிபட்டதும் சத்தத்தை நிற்பாட்டுங்கள், அவள் தொடர்ந்து நடக்கட்டும். ஒரு நிமிடம் கழித்துச் சத்தத்தைத் திரும்பக் கூட்டினால், தட்டு எவ்வளவு முந்தியிருக்கிறது, எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று உடனே தெரியும். அநேகமான பிள்ளைகள் முந்துவார்கள். அது பழகினால் திருந்தும். பிறகு அவளோடு சேர்ந்து நடந்து, கதை கொடுத்து, வேண்டுமென்றே உங்கள் நடையை மாற்றிப் பாருங்கள். உங்கள் காலுக்கு இழுபடாமல் அவள் தன் காலிலேயே நின்றால், சேர் சொன்னதை யோசிக்காமல் ஏற்கலாம். இந்த விளையாட்டே அவளுக்குச் சலிப்பாக இருந்து, நடக்கும்போது விரல்கள் தொடையில் வேறு ஏதோ தாளம் போட்டுக்கொண்டிருந்தால் அவள் சைட் ட்ரம் பிள்ளை. அப்போது சேரிடம் போய்க் கதைக்கத்தான் வேண்டும்.

சைட் ட்ரம்மின் ருசி வேறு. கீழ்த்தோலின் அடியில் இறுக்கிக் கட்டிய கம்பிகள் அதிர்வதால்தான் அந்தச் சரசரப்பு வருகிறது. கம்பியைத் தளர்த்திவிட்டு அடித்தால் வெறும் ட்ரம். கைக்குப் பழக நிறைய உண்டு. உலகம் முழுக்க 40 அடிப்படை அடிமுறைகளை ஒரு பட்டியலாக வைத்துப் பழக்குகிறார்கள். அதில் ஒன்றை இப்போதே மகள் மேசையில் அடித்துப் பார்க்கலாம்: வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். மெதுவாக, எட்டும் ஒரே அளவு சத்தமாக. நாலு அடி ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு வலக்கை தொடங்கினால் அடுத்த சுற்றுக்கு இடக்கை தொடங்கும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு மூன்றாவது சுற்றிலேயே இடக்கை மெலியும். அதை நேராக்கத் தினமும் இருபது நிமிடம் இருக்க வேண்டும், அதுவும் ஒரு தவணை முழுக்க. பலகைத் துண்டில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினால் போதும், வீட்டில் சத்தமில்லாமல் பழகலாம். இந்த வேலையில் அவளுக்கு ஆசை இருந்தால் அது உண்மையான ஆசை. கூட்டாளிகள் நிற்கிற வரிசையில் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் காரணம் என்றால், அது முதல் மாதத்திலேயே குறைந்துவிடும். அதையும் குறைசொல்ல மாட்டேன், அந்த வயதில் கூட்டாளிகள்தானே உலகம். ஆனால் பாண்டில் எல்லாரும் ஒன்றாகத்தான் பழகுவார்கள், ஒன்றாகத்தான் ரீ குடிப்பார்கள். வரிசை மாறினால் நட்பு அறுந்துவிடாது என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

சிம்பல்ஸ் லேசு என்பது சரியில்லை. அந்த இரண்டு உலோகத் தட்டுகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நடந்தால் பத்து நிமிடத்தில் முழங்கைக்கு மேலே எரியும். நேருக்கு நேர் பொருத்தி அடித்தால் நடுவில் காற்று அடைபட்டுச் சத்தம் செத்துவிடும். கொஞ்சம் சரித்து, ஒரு விளிம்பு முதலில் தொடும்படி அடிக்க வேண்டும். எண்ணிக்கொண்டு காத்திருக்கப் பொறுமை உள்ள பிள்ளைக்கு அது நல்ல இடம். சுமைக்குப் பயந்து அதற்குப் போகவேண்டாம்.

சரி, தோளுக்கும் முதுகுக்கும் வருவோம். பயம் நியாயமானது. அதைப் பெண்பிள்ளை என்பதோடு மட்டும் சேர்க்காதீர்கள். எங்கள் மகளிர் பாடசாலைகளில் பேஸ் ட்ரம்மைத் தூக்குவது பெண்பிள்ளைகள்தானே. பார்க்க வேண்டியது பாரத்தைத்தான். நெல் நிறுக்கிற தராசு பக்கத்தில் இருந்தால் ட்ரம்மைப் பட்டியோடு வைத்து நிறுங்கள். புத்தகப்பைக்குப் பிள்ளையின் நிறையில் பத்திலிருந்து பதினைந்து வீதத்துக்கு மேல் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 40 கிலோப் பிள்ளைக்கு அது 4 முதல் 6 கிலோ. ட்ரம் அதைவிடக் கூட இருந்தால் நின்றபடி பழகுவதற்கு ஸ்டாண்ட் கேளுங்கள், நடைப் பயிற்சிக்கு மட்டும் தோளில் ஏற்றட்டும், கால் மணிக்கு ஒருக்கால் இறக்கட்டும். ஒற்றைத் தோளில் தொங்குகிற பட்டி வேண்டவே வேண்டாம். இரண்டு தோளிலும் ஏறி முதுகில் குறுக்காகப் போகிற பட்டியாக இருக்க வேண்டும். தோளில் படுகிற இடத்தில் மடித்த துவாய்த் துண்டை வைத்துத் தையுங்கள். பஞ்சுத்தலைத் தடியைக் கையால் ஓங்கி ஓங்கி அடிக்க விடாதீர்கள். மணிக்கட்டுச் சுழன்று விழுகிற அடிதான் தூரம் போகும், தோளும் நோகாது.

தோளைவிட எனக்குக் காதைப் பற்றித்தான் கவலை, அதை நீங்கள் கேட்கவில்லை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம் என்று ஒரு பாதுகாப்புக் கணக்கு உண்டு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணித்தியாலம்தான். பக்கத்தில் நின்று கேட்கிற சைட் ட்ரம் அதைத் தாண்டும். தகரக் கூரை மண்டபத்துக்குள் ஏழெட்டு ட்ரம்மும் சிம்பல்ஸும் ஒன்றாக அடித்தால் பிள்ளைகளின் காது என்ன பாடுபடும்? வேப்ப மரத்தடியிலோ மைதானத்திலோ பழக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். காதில் வைக்கிற நுரைப்பஞ்சு அடைப்பான் மருந்துக்கடையில் வாங்கலாம். அதை வைத்தாலும் தாளம் தெளிவாகக் கேட்கும். எந்தப் பகுதிக்குப் போனாலும் மகளுக்கு ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள்.

படிப்பைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லலாம். பாண்டின் பாரமான காலம் முதலாம் தவணையில், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முந்திய சில கிழமைகள்தான். மகள் தரம் 8. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது. சேருவதென்றால் இதுதான் வயது. பயிற்சி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா, இருட்ட முன் வீட்டுக்கு வந்துவிடுவாளா என்பதுதான் எங்கள் பக்கத்தில் பெரிய பிரச்சினை. அதைச் சேரோடு முதலிலேயே கதைத்து முடியுங்கள்.

சேரைச் சந்திக்கும்போது இன்னும் இரண்டு கேளுங்கள். முதலாவது, புதிதாகச் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு கிழமைக்கு எல்லா ட்ரம்மிலும் மாற்றி மாற்றி அடிக்கவிட்டு, அதன் பிறகு பிரிக்க முடியுமா என்பது. நல்லாகப் பழக்குகிறவர் இதற்குக் கோபிக்க மாட்டார், அவருக்கும் அது உதவி. இரண்டாவது, பேஸ் ட்ரம்மை இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்துப் பழக்குவாரா என்பது. வன்னியில் பல பாடசாலைகள் 2009க்குப் பிறகு வெறுங்கையோடு திரும்பத் தொடங்கியவை. பழைய மாணவர்களும் வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்களும் அனுப்பிய காசில் ஒவ்வொன்றாகத்தான் வாத்தியங்கள் வந்தன. அதனால் சைட் ட்ரம் ஆறேழு இருக்கிற இடத்திலும் பேஸ் ட்ரம் ஒன்றுதான் இருக்கும், அதை அடிக்கத் தெரிந்த பிள்ளையும் ஒன்றுதான். போட்டியன்று அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது? இரண்டு பேர் பழகினால் மகளுக்கும் ஆறுதல், இடையிடையே சைட் ட்ரம் வரிசையில் நின்று அடிக்கவும் நேரம் கிடைக்கும்.

அந்த ஒரு நிமிட நடையைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். மகள் முந்தினாளா, பிந்தினாளா என்று அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணா