ஆய்வு நிதி விண்ணப்பத்தில் ‘எதிர்பார்க்கும் பயன்’ கட்டத்தில் என்ன எழுதுவது?

மருந்து, தொழில்நுட்பம் என்று எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எண்ணூர் கழிமுகச் சேற்றிலுள்ள பாக்டீரியா பற்றிய ஆய்வு என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தக் கட்டத்தில், மூன்று வருட முடிவில் எந்தக் கேள்விக்கு நிச்சயம் விடை தெரிந்திருக்கும் என்று எழுதுங்கள். விடை ‘இல்லை’ என்று வந்தாலும் அதில் என்ன கற்போம் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

உங்கள் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பியதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்: முடிவில் கையில் என்ன மிஞ்சும் என்று மதிப்பீட்டாளருக்குப் பிடிபடவில்லை. குறுகிய கால நிதி எல்லோரையும் பத்திரமான கேள்விகள் பக்கமே தள்ளுகிறது. 1960களில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். அதன் நொதிதான் இருபது வருடம் கழித்து, டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனைக்கு உயிர் கொடுத்தது. அதை எந்தக் கட்டத்தில் எழுதியிருக்க முடியும்? இந்த நிதி வழங்கும் முறை மாறவேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

அனுப்பும் முன் ஒன்று செய்து பாருங்கள். நீர் இறங்கிய நேரத்தில் சேற்றை ஒரு டப்பாவில் அள்ளுங்கள். மேலே சாம்பல் நிறம், இரண்டு விரல் ஆழத்தில் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கறுப்பில் யார் வாழ்கிறார்கள் என்ற கேள்வியை, காசிமேட்டில் நீங்கள் மீன் வாங்கும் அக்காவிடம் இரண்டே வரியில் சொல்லுங்கள். “அப்புறம்?” என்று கேட்டால் சரி. “எதுக்கு?” என்றால் திருத்தி எழுதுங்கள்.

இந்த யோசனை, அடிப்படை ஆய்வுக்கான விண்ணப்ப அழைப்புக்கு மட்டும்தான். 2017 எண்ணூர் எண்ணெய்க் கசிவுக்கு அப்புறம் துப்புரவுத் திட்டம் கேட்ட ஓர் அழைப்புக்கு நான் இப்படியே எழுதி அனுப்பினேன். முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள்.