நண்பர்களோடு கமினோ நடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஸ்பெயினில் ‘கமினோ’ எனப்படும் சந்தியாகோ பாதயாத்திரைக்கு நண்பர்கள் ஐந்து பேர் போகிறோம். இரண்டு வாரம்தான் லீவு. எந்த ஊரில் தொடங்கலாம்?

பதில்: இயேசுவின் சீடரான புனித சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ நகரப் பேராலயத்துக்குப் பல வழிகள் உண்டு. அதிகம் பேர் நடப்பது பிரெஞ்சு வழி. பிரான்ஸில் ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ஊரான சான் ழான் பியே தெ போரிலிருந்து முழுவதும் நடந்தால் ஏறக்குறைய 780 கி.மீ.; ஐந்து வாரம் பிடிக்கும். உங்கள் லீவுக்குப் பொன்ஃபெராதா பொருத்தம். அங்கிருந்து 200 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். நாளுக்கு 20 முதல் 23 கி.மீ. என்றால் பத்து நாள் நடை, ஒரு நாள் ஓய்வு, மீதி பயணத்துக்கு. லியோனிலிருந்து தொடங்கினால் 300 கி.மீ.க்கு மேல் வரும். அதை இரண்டு வாரத்தில் திணித்தால், ஒருவர் காலில் கொப்புளம் வந்தாலே திட்டம் குலைந்துவிடும்.

ஆளுக்கொரு யாத்திரிகர் கையேடு (கிரெடென்சியால்) வேண்டும். யாத்திரை முடித்ததற்கான சான்றிதழுக்கு 100 கி.மீ.யாவது நடந்து சந்தியாகோவில் முடித்திருக்க வேண்டும். கையேட்டில் நாளுக்கு இரண்டு முத்திரை வாங்குங்கள். காப்பிக் கடையில்கூடப் போட்டுத் தருவார்கள். சாரியாவிலிருந்து சுமார் 115 கி.மீ. என்பதால் பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள். அந்த ஊர் தாண்டியதும் பாதையில் கூட்டம் திடீரென்று கூடும்.

கேள்வி: ஐந்து பேரும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று ஆசை. முடியுமா?

பதில்: சேர்ந்து போங்கள், ஆனால் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளாதீர்கள். மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் 20 கி.மீ.யை நான்கு மணி நேரத்தில் முடிப்பார், 4 கி.மீ. நடப்பவருக்கு ஐந்து மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தை இழுத்துப் பிடித்துச் சமமாக்கும்போதுதான் சிக்கல். மெதுவாக நடப்பவர் எட்டி எட்டி அடிவைத்து, மூன்றாம் நாள் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி பிடித்து உட்காருவார். வேகமானவர் நின்று நின்று போய் எரிச்சலடைவார். குழு உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

காலையில் இரண்டே இரண்டைப் பேசி முடிவு செய்யுங்கள்: 8–10 கி.மீ.யில் எந்த ஊரில் காப்பிக்குக் கூடுவது, இரவு எங்கே தங்குவது. நடுவில் அவரவர் நடை. மஞ்சள் அம்புக்குறி வழிகாட்டும். சந்தியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தில் கல்தூண்களில் சந்தியாகோவுக்கு மீதித் தூரம் மூன்று தசமப் புள்ளி வரை பொறித்திருக்கும். பின்னால் வருபவர் அந்த எண்ணைப் போனில் அனுப்பினால் போதும், எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மட்டும் முன்னால் போனவர் நின்று, எந்தப் பக்கம் என்று எல்லாரிடமும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

படுக்கைக்கும் இதே யோசனை தேவை. கலீசிய அரசு நடத்தும் விடுதிகளில் முன்பதிவு கிடையாது. முதலில் வருபவருக்கே இடம், அதுவும் கையேட்டோடு நேரில் நிற்பவருக்கு. முன்னால் போனவர் ஐந்து படுக்கை பிடித்து வைக்க முடியாது. சாரியாவுக்குப் பிறகாவது தனியார் விடுதியில் முன்பதிவு செய்துவிடுங்கள். அப்போதுதான் கடைசியில் வருபவர் பதறாமல் நடப்பார்.

கேள்வி: காலில் கொப்புளம் வராமல் தடுப்பது எப்படி? வந்தால் ஊசி நூல் கோத்து விடலாமா?

பதில்: நூல் வேண்டவே வேண்டாம். உள்ளே விட்ட நூல் வழியாகக் கிருமி ஏறும்.

கொப்புளத்துக்குக் காரணம் ஈரமும் உரசலும். பகல் நடையில் பாதம் வீங்குவதால், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடமுள்ள ஷூவை மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். புறப்படுமுன் பல வாரம் அதிலேயே நடந்து பழகுங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை நல்லது. பாதி வழியில் சாக்ஸை மாற்றி, கழற்றியதைப் பைக்கு வெளியே தொங்கவிட்டுக் காய வையுங்கள்.

கொப்புளம் வருமுன் அந்த இடம் சுடும். சுட்ட உடனே நில்லுங்கள், அடுத்த ஊர் வரை பொறுக்க வேண்டாம். துடைத்துக் காயவைத்து, சுருக்கமில்லாமல் டேப் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. சிறிய கொப்புளத்தை விட்டுவிடலாம். பெரிதாகி வலித்தால், கை கழுவி, கிருமிநீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, தோலைப் பிய்க்காமல் கட்டுப் போடுங்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஊசியைத் தொடவே கூடாது.

கேள்வி: பை எவ்வளவு கனம் இருக்கலாம்?

பதில்: உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள், தண்ணீர் தனி. ஐந்து பேருக்கு ஒரு சார்ஜர், ஒரு மருந்துப் பெட்டி, ஒரு சோப்பு என்று குறைக்கத் தோன்றும். சோப்பு சரி. டேப்பும் கட்டுத்துணியும் ஆளுக்கொன்று இருக்கட்டும். காலில் சுடும்போது மருந்துப் பெட்டி 4 கி.மீ. முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: ஒருவரால் நடக்க முடியாமல் போனால் எல்லாரும் நிற்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அவர் பஸ்ஸிலோ டாக்சியிலோ அன்றைய ஊருக்குப் போய்க் காத்திருக்கலாம். கடைசி 100 கி.மீ.க்குள் மட்டும் கவனம்: அங்கே வண்டி ஏறினால் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். அந்த ஓய்வு நாளைக் கையில் வைத்திருந்தால், நின்ற இடத்திலேயே ஒரு நாள் படுத்து மறுநாள் தொடரலாம். அவருக்குத் துணையாக ஒருவர் இருந்தால் போதும்.