சிங்கப்பூர் வரும் தம்பிக்கு

தம்பி, எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதியில்) வரப்போவதாகச் சொல்லி, வாடகை எவ்வளவு, அங்கே அரசியல் பேசலாமா, ஒரே கட்சிக்கு எப்படி ஓட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். வாடகை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், உன்னோடு வேலை செய்பவர்களைக் கேள்.

போலீஸ் அனுமதி இல்லாமல் அரசியல் பேச ஒதுக்கிய ஹொங் லிம் பூங்காவில் கூட்டம் நடந்தால் வேடிக்கை பார்க்கக்கூடப் போகாதே. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேறு இடத்தில் தனி ஆளாக அட்டை பிடித்து நின்றாலும் போலீஸ் அனுமதி வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அனுப்பாதே, 2019-லிருந்து பொய்ச் செய்திக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

மக்கள் செயல் கட்சி 1959-லிருந்து ஆள்கிறது. பயம் மட்டும் காரணம் என்று நினைக்காதே. இங்கே ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் இருப்பது அரசாங்கம் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில். அதன் மதிப்பு ஏறினால்தான் வயதான காலத்தில் நிம்மதி. 1997 தேர்தலில், எங்களுக்கு ஓட்டுப் போட்ட பேட்டைக்குத்தான் வீவக கட்டடங்களின் மேம்பாட்டு வேலை முதலில் என்று பகிரங்கமாகவே சொன்னார்கள். எதிர்க்கட்சி வசம் இருந்த பொத்தோங் பாசிர் வருடக்கணக்கில் காத்திருந்தது. 1988-லிருந்து குழுத்தொகுதி முறை வேறு; பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்பார்கள், ஜெயித்த அணிக்கே அந்தத் தொகுதியின் எல்லா இடமும். 2025-ல் 65 சதவீதச் சொச்சம் ஓட்டுக்கு 97-ல் 87 இடம் கிடைத்தது.

"லீ குவான் யூ மாதிரி ஒருத்தர் நம்ம ஊருக்கு வேணும்" என்று ஊருக்குப் போய்ப் பேசும் நம்மாட்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 1981-ல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் போன எதிர்க்கட்சிக்காரர் ஜே.பி. ஜெயரத்தினம், ஒரு தமிழர். அவதூறு வழக்குகளில் நஷ்டஈடு கட்ட முடியாமல் 2001-ல் திவாலாகிப் பதவி இழந்தார். அந்தப் பெயரே இவர்களுக்குத் தெரியாது. நான் இந்த நாட்டை நேசித்துத்தான் குடியுரிமை வாங்கினேன், வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறேன். அதற்காக நடந்ததை மறைக்க முடியுமா?

2013 டிசம்பர் 8, லிட்டில் இந்தியாவில் நம்மூர்த் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்து கலவரமானபோது நான் தொழிலாளர் விடுதியில் இருந்தேன். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் விசாரணைக் குழு போட்டு ஊரறிய விசாரித்தார்கள், 2015-ல் இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கத் தடை என்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. ஆனாலும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் திருப்பி அனுப்பியதை மனித உரிமை அமைப்புகள் குறை சொன்னார்கள். கலவரத்துக்கு அடுத்த ஞாயிறு விடுதியிலிருந்து தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பஸ் கிடையாது. நாங்கள் நாலு பேர் ரயில் பிடித்துப் போய், வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு, ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம்.